ஒன்றே முக்கால் அங்குலத்தின் கணக்கு

கிளினிக்கில் எண் அழைக்கும் திரை நின்றுவிடுகிறது. மினி மார்க்கெட்டில் கார்டு இயந்திரம் 'லைன் இல்லை' என்கிறது. டியூஷன் மையத்தில் ஆசிரியரின் முகம் திரையில் உறைந்துபோகிறது. காரணம் கேட்டால் முன்னால் இருப்பவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "சிஸ்டம் டவுன்."

அந்த 'சிஸ்டம்' எங்கே இருக்கிறது? பெரும்பாலும் அதே கட்டடத்தில், ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில், ஓர் இரும்பு அலமாரிக்குள் இருக்கிறது. அதைத்தான் ரேக் என்கிறோம். இணையத்தைக் கொண்டுவரும் ரவுட்டர், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச், வெளியிலிருந்து வரும் வேண்டாதவற்றைத் தடுக்கும் ஃபயர்வால் என்று தட்டையான பெட்டிகள் அதில் ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டப்பட்டிருக்கும். இந்த வாரம் அப்படிப்பட்ட ஒரு ஃபயர்வாலை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, ரேக்கில் ஏற்றி, உயிர் கொடுப்பது வரை பார்ப்போம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சிங்கப்பூர் 2019இல் புதிய டேட்டா சென்டர்களுக்கான அனுமதியை நிறுத்திவைத்தது. 2022இல்தான் கடுமையான நிபந்தனைகளுடன் மீண்டும் கதவைத் திறந்தது. அதற்குள் முதலீடு பாலத்தைக் கடந்து ஜொகூருக்கு வந்துவிட்டது. செடெனாக், கூலாய், நூசாஜெயா பக்கம் போனால் ஜன்னலே இல்லாத பெரிய கட்டடங்களைப் பார்க்கலாம். அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரின் தாயார் ஒரு திருமண விருந்தில் என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, டிகிரி முடிச்ச பிள்ளைக்கு ஸ்க்ரூ முடுக்குற வேலையா? அதை யார் வேணும்னாலும் செய்யலாமே?"

"செய்யலாம் அக்கா. ஆனால் சரியாகச் செய்ய எல்லோராலும் முடியாது" என்றேன். ஏன் முடியாது என்பதைத்தான் இனி விளக்கப்போகிறேன்.

முதலில் அளவு

ரேக்கின் அகலம் 19 அங்குலம். இந்த அளவு கணினிக் காலத்துக்கும் முந்தியது. தொலைபேசி நிலையங்களில் கருவிகளை அடுக்கிய இரும்புச் சட்டங்களிலிருந்து வந்தது. இன்றும் உலகம் முழுவதும் அதே 19 அங்குலம்தான். தைவானில் செய்த பெட்டி, ஜெர்மனியில் செய்த ரேக்கில், கிள்ளானில் உள்ள அலுவலகத்தில் பொருந்துகிறது என்றால் அதற்கு இந்த ஒழுங்குதான் காரணம்.

உயரத்தை 'யு' என்ற அலகில் சொல்வார்கள். 1யு என்பது ஒன்றே முக்கால் அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். முழு ரேக் பெரும்பாலும் 42யு. சிறிய அலுவலகங்களில் சுவரில் மாட்டும் 6யு, 9யு, 12யு ரேக்குகளைப் பார்க்கலாம்.

இங்கேதான் முதல் நுணுக்கம். ரேக்கின் செங்குத்துச் சட்டத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு 'யு'வுக்கும் மூன்று துளைகள். பார்வைக்கு எல்லாம் ஒரே இடைவெளியில் இருப்பதுபோல் தோன்றும்; உண்மையில் அப்படி இல்லை. ஒரே 'யு'வுக்குள் இருக்கும் துளைகளுக்கு இடையே 15.875 மில்லிமீட்டர். ஒரு 'யு' முடிந்து அடுத்த 'யு' தொடங்கும் இடத்தில் 12.7 மில்லிமீட்டர். அந்தக் குறுகிய இடைவெளியின் நடுவில்தான் எல்லைக்கோடு ஓடுகிறது. பழகிய கண் அந்தக் குறுகிய இடைவெளியைத்தான் முதலில் தேடும். பழகாதவர் கையில் கிடைத்த மூன்று துளைகளை எண்ணி மாட்டிவிட்டால் பெட்டி அடுத்த வீட்டுக்குள் கால் நீட்டிவிடும். அதற்கு மேலே வரவேண்டிய பெட்டி உள்ளே போகாது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடியும் தொடங்க வேண்டும்.

சதுரத் துளை உள்ள ரேக்கில் திருகாணி நேராகப் பிடிக்காது. முதலில் கூண்டு போன்ற ஒரு சிறு உலோகப் பிடிக்குள் இருக்கும் நட்டை, துளையின் உட்புறத்திலிருந்து பொருத்த வேண்டும். இதற்குக் கேஜ் நட் என்று பெயர். நம் பக்கம் அதிகம் புழங்குவது எம்6 அளவு. இதை விரலால் அழுத்திப் பொருத்தப் போய் நகம் கிழிந்தவர்கள் ஏராளம். அதற்கென்று கொக்கி போன்ற ஒரு கருவி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்குவதற்கு முன்

1யு ஃபயர்வால் சிலவற்றை ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆனால் 2யு, 4யு சர்வர், யூபிஎஸ் என்று வரும்போது கதை வேறு. யூபிஎஸ் உள்ளே பேட்டரி இருப்பதால் பார்வைக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு கனக்கும். கனமான பொருள் அடியில், இலேசானது மேலே என்பது ரேக்கின் முதல் சட்டம். மேல்பகுதி கனமாகிவிட்டால், ஒரு பெட்டியை முன்னால் இழுக்கும்போது ரேக் முழுவதுமே முன்னால் சாயக்கூடும். இருவர் சேர்ந்து தூக்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இருபத்தைந்து வயதில் 'நான் ஒருவனே போதும்' என்று தூக்கிய முதுகு, நாற்பதில் கணக்குக் கேட்கும்.

பெட்டியின் இரு பக்கமும் காது போன்ற இரும்புத் தகடுகள் இருக்கும். ஆழம் குறைந்த, இலேசான பெட்டிக்கு அந்தக் காதுகளே போதும். பின்பக்கம் நீண்ட, கனமான பெட்டியை முன் காதுகளை மட்டும் நம்பித் தொங்கவிட்டால், பின்பகுதி மெல்லத் தாழும்; தகடு வளையும்; கீழே உள்ள பெட்டியின் தலையில் இதன் வயிறு உட்காரும். அதற்காகத்தான் பின்தூண் வரை நீளும் தண்டவாளங்களைப் பெட்டியோடு கொடுக்கிறார்கள். 'இது எதற்கு' என்று அவற்றை அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு.

வேலை தொடங்குமுன் மோதிரம், கைச்சங்கிலி, உலோகக் கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பெட்டியைத் திறந்து உள்ளே கார்டு செருகுவதாக இருந்தால் நிலைமின்சாரத்தை வெளியேற்றும் மணிக்கட்டுப் பட்டை கட்டாயம். கார்பெட் விரித்த, ஏர்கான் போட்ட அறையில் நடந்து வந்த கையில் சேரும் மின்னூட்டம் நமக்குத் தெரியாது. ஆனால் மெல்லிய சில்லுக்கு அது போதும். பெட்டி உடனே செத்துவிட்டாலாவது காரணம் புரியும். பல நேரங்களில் அரைகுறையாக அடிபட்டு, சில மாதங்கள் கழித்துக் காரணமே தெரியாமல் தொல்லை கொடுக்கும்.

பெட்டிக்கும் மூச்சு உண்டு

பெரும்பாலான பெட்டிகள் முன்பக்கம் குளிர்ந்த காற்றை இழுத்து, பின்பக்கம் சூடான காற்றைத் தள்ளும். டேட்டா சென்டரில் ரேக்குகளை முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு என்று நிறுத்துவது இதனால்தான். ஒரு வரிசையின் சூடான மூச்சை எதிர் வரிசை சுவாசிக்கக் கூடாது.

சில சுவிட்சுகளில் காற்று எதிர்த்திசையில் ஓடும். ஒரே மாடல் இரு திசைகளிலும் விற்கப்படுவதும் உண்டு. ஆர்டர் செய்யும்போதே எது வேண்டும் என்று கேட்க வேண்டும். ரேக்கில் காலியாக இருக்கும் இடங்களை வெற்றுத் தகடு கொண்டு மூடுவதும் அழகுக்காக அல்ல. திறந்து விட்டால் பின்பக்கச் சூடு அந்த வழியே முன்னால் வந்து மீண்டும் பெட்டிக்குள்ளேயே போகும்.

வெப்பநிலை எவ்வளவு இருக்கலாம்? குளிரூட்டல் துறையின் அனைத்துலக அமைப்பான ஆஷ்ரே பரிந்துரைப்பது 18 முதல் 27 டிகிரி செல்சியஸ். சிங்கப்பூரின் தகவல், தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமும் 2023இல், நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளில் டேட்டா சென்டரைப் படிப்படியாக 26 டிகிரிக்கும் அதற்கு மேலும் இயக்குவதற்கான வழிமுறையை வெளியிட்டது. அறையை ஐஸ் பெட்டியாக்கி மின்கட்டணம் கட்ட வேண்டியதில்லை என்பதே அதன் சாரம்.

ஆனால் நம் கடைவீட்டு அலுவலகங்களின் பிரச்சினை வேறு. மாலை ஆறு மணிக்கு எல்லோரும் கிளம்புகிறார்கள், ஏர்கானை அணைக்கிறார்கள், கதவைப் பூட்டுகிறார்கள். ரேக்குக்கு மட்டும் விடுமுறை இல்லை. வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை மூடிய அறையில் தன் சூட்டைத் தானே சுவாசித்துக்கொண்டிருக்கும். நீண்ட விடுமுறை முடிந்து திறக்கும் நாளில் 'நெட்வொர்க் வரவில்லை' என்று வரும் அழைப்புகள் பலவற்றுக்கு மூலம் இந்தப் பூட்டிய அறைதான். ஒரு சிறு காற்றோட்ட விசிறியும், அறைச்சூடு கூடினால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் ஓர் உணர்கருவியும் இதைத் தடுக்கும்.

இரண்டு வால் எதற்கு?

நல்ல நெட்வொர்க் பெட்டியின் பின்னால் இரண்டு பவர் சப்ளைகள் இருக்கும். இரண்டும் சேர்ந்து சுமையைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்று போனால் மற்றொன்று முழுச் சுமையையும் ஏற்கும். பெட்டியை நிறுத்தாமலேயே பழுதானதை உருவி, புதியதைச் செருகலாம்.

ஒருமுறை ஒரு தனியார் கிளினிக்கிலிருந்து அவசர அழைப்பு வந்தது. திங்கள் காலை, முன்கூடம் நிறைய நோயாளிகள். பதிவேடு திறக்கவில்லை, யாருக்குப் பென்சிலின் ஒவ்வாது, யார் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்ற விவரம் எதுவும் மருத்துவருக்குத் தெரியவில்லை. வயதானவர்களிடம் "என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டால், "அந்த வெள்ளை மாத்திரை, சின்னது" என்கிறார்கள். மருத்துவர் மருந்து எழுதப் பயந்து, அவசரம் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

ரேக்கைத் திறந்து பார்த்தேன். ஃபயர்வாலுக்கு இரண்டு பவர் சப்ளை இருந்தது. இரண்டு வயரும் ஒரே மின் பட்டையில் செருகப்பட்டிருந்தன. அந்தப் பட்டையின் காலியான துளையில் தரையைச் சுத்தம் செய்யும் வேக்கூம் இயந்திரத்தின் வயரும் இருந்தது. சுமை தாங்காமல் பட்டை டிரிப் ஆகியிருந்தது. ஃபயர்வாலுக்கு ஒரு குறையும் இல்லை. முதலில் பொருத்தியவர் இரண்டு வயரையும் மாட்டினார். ஆனால் அவை எங்கிருந்து மின்சாரம் எடுக்கின்றன என்று யோசிக்கவில்லை. இரண்டாவது பவர் சப்ளைக்குக் கொடுத்த காசு அத்தனையும் வீண்.

முறை இதுதான். ஒரு வால் ஒரு மின்பாதையில். மற்றது வேறொரு பாதையில். இரண்டு யூபிஎஸ் இருந்தால் ஆளுக்கொன்று. ஒரே யூபிஎஸ்தான் என்றால் ஒன்றை அதிலும், மற்றதை வேறு சர்க்கியூட்டில் உள்ள சுவர்த் துளையிலும் செருகுங்கள். மின்சாரம் போனால் யூபிஎஸ் காப்பாற்றும். யூபிஎஸ்ஸே போனால் சுவர் காப்பாற்றும். இன்னொரு கணக்கும் உண்டு: இரு பாதைகளும் தலா அறுபது விழுக்காடு சுமையில் ஓடினால், ஒன்று போகும்போது மற்றதன் மீது நூற்றிருபது விழும். அதுவும் டிரிப் ஆகும். ஆகவே ஒவ்வொன்றும் பாதிக்கும் கீழேயே இருக்க வேண்டும்.

பெட்டியில் எர்த் குறியுடன் ஒரு திருகாணி இருக்கும். ரேக்கையும் பெட்டியையும் எர்த் கம்பியில் சேர்க்க அது. கூரையிலிருந்து புதிய வயர் இழுப்பது, மின் பலகையில் சர்க்கியூட் சேர்ப்பது போன்றவை கணினிக்காரரின் வேலை அல்ல. மலேசியாவில் எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற மின்கம்பியாளர், சிங்கப்பூரில் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் அதைத் தொட வேண்டும். 230 வோல்ட் யாருடைய சான்றிதழையும் பார்த்து அடிப்பதில்லை. ஆனால் சட்டம் பார்க்கும்.

ஒரே மாதிரி தெரியும் துளைகள்

முன்பக்கத்தில் வரிசையாக உள்ள போர்ட்கள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேலை வேறு. 'கன்சோல்' என்று எழுதியிருப்பது இணையத்துக்கு அல்ல. லேப்டாப்பை நேரடியாக இணைத்துப் பெட்டியோடு பேசுவதற்கு. நெட்வொர்க் முழுதும் செத்துக் கிடக்கும்போதும் திறக்கும் பின்வாசல் அது. 'மேனேஜ்மென்ட்' என்பது நிர்வாகத்துக்கான தனி வாசல். அதைப் பொது நெட்வொர்க்கில் சேர்த்துவிட்டால், வீட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டது போலாகும்.

சாதாரணச் செம்புக் கேபிள் 100 மீட்டர் வரைதான். அதற்கு மேல் ஃபைபர். ஃபைபருக்கான போர்ட் காலியான சதுரப் பொந்தாக இருக்கும். அதில் எஸ்எஃப்பி என்ற சிறு தொகுதியைச் செருக வேண்டும். 1 கிகாபிட்டுக்கும் 10 கிகாபிட்டுக்கும் தொகுதிகள் ஒரே உருவில் இருப்பதால், மேலே உள்ள எழுத்தைப் படிக்காமல் செருகக் கூடாது. இரு முனைகளிலும் ஒத்துப்போகும் தொகுதிகள் இருக்க வேண்டும். ஒரு முனையில் அனுப்பும் இழை, மறு முனையில் பெறும் துளைக்குப் போக வேண்டும். வேலை செய்யாத ஃபைபரில் நான் முதலில் செய்வது இரு இழைகளையும் இடம் மாற்றிப் பார்ப்பதுதான். ஒருபோதும் ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கலாம்.

இடி மின்னலுக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. இரண்டு கட்டடங்களை இணைக்கும்போது செம்புக் கேபிளை வெளியே ஓட விட்டால், அருகில் விழும் மின்னல் அந்த வழியே உள்ளே வந்து இரு பக்கச் சுவிட்சுகளையும் கருக்கிவிடலாம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. பள்ளி, கோயில் மண்டபம், தொழிற்கூடம் என்று எதுவானாலும் கட்டடங்களுக்கு இடையே உலோகம் கலக்காத ஃபைபரையே கேளுங்கள்.

சில பெட்டிகளில் 'பைபாஸ்' என்ற ஏற்பாடு இருக்கும். பெட்டிக்கு மின்சாரம் போனால் இரு போர்ட்களும் உள்ளேயே ஒட்டிக்கொண்டு இணைப்பை ஓடவிடும். நல்ல வசதிதான். ஆனால் அந்த நேரத்தில் காவலாளி இல்லாமல் வாசல் திறந்திருக்கும். வேலை நிற்கக் கூடாதா, பாதுகாப்பு குறையக் கூடாதா? இதைப் பொருத்துபவர் தாமாக முடிவு செய்யக் கூடாது. உரிமையாளரைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைசி அரை மணி நேரம்

பெட்டி ஓடத் தொடங்கியதும் பலர் கருவிகளை மூட்டை கட்டுவார்கள். நல்ல பணியாளர் அங்கிருந்துதான் சோதனையைத் தொடங்குவார். விளக்குகளின் நிறத்தைக் கையேட்டோடு ஒப்பிடுவார்; பொதுவாகப் பச்சை நலம், மஞ்சள் எச்சரிக்கை என்றாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஆட்கள் குறைந்த நேரத்தில், ஒரு பவர் வயரை உருவிப் பார்ப்பார். பெட்டி ஓடுகிறதா? சரி. திரும்பச் செருகி, மற்றதை உருவிப் பார்ப்பார். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றுவார். கேபிளின் இரு முனைகளிலும் பெயர்ச்சீட்டு ஒட்டுவார். தொடர் எண், பொருத்திய தேதி, எந்த போர்ட்டில் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி ரேக் கதவின் உட்புறம் ஒட்டுவார். கடவுச்சொல்லை மட்டும் அந்தத் தாளில் எழுத மாட்டார்.

இந்த அரை மணி நேரத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது. யாரும் பாராட்டுவதும் இல்லை. ஆனால் ஈராண்டு கழித்து, நள்ளிரவில், முன்பின் தெரியாத இன்னொருவர் அந்தக் கதவைத் திறக்கும்போது அவருக்கு அந்தத் தாள்தான் விளக்கு.

சொந்தத் தொழில் நடத்தும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை அலுவலகம் போனதும் ரேக் கதவைத் திறந்து, எதையும் தொடாமல், மூன்றை மட்டும் பாருங்கள். இரண்டு பவர் வயர்களும் எங்கே போய்ச் சேருகின்றன? ஏர்கான் அணைந்த பிறகு அந்த அறை எவ்வளவு சூடாகிறது? பெயர்ச்சீட்டு இருக்கிறதா? ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் உங்கள் பணியாளரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இந்தத் துறைக்கு வரும் இளையோருக்கும் ஒன்று. திரையில் செய்யும் அமைப்புகளைக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்குத்தான் சம்பளம் கூடும். ஆனால் கையால் செய்யும் வேலையைத் தாழ்வாக நினைக்காதீர்கள். தூரத்தில் உட்கார்ந்து கட்டளை இடுபவருக்குத் தெரியாத ஒன்று, ரேக்கின் முன்னால் நிற்பவருக்குத் தெரியும்: எந்த விசிறி முனகுகிறது, எந்த வயர் இழுபடுகிறது, எந்தப் பெட்டி கை வைக்க முடியாத அளவு சுடுகிறது. அதைக் கவனித்து, நேரத்தில் சொல்பவரால்தான் பல திங்கட்கிழமைகள் சத்தமில்லாமல் கழிகின்றன.

அடுத்த வாரம், பலரும் வாங்கி வைத்துவிட்டு மறந்துபோகும் யூபிஎஸ் பேட்டரியின் ஆயுளைப் பற்றிப் பேசுவோம்.